இரண்டு வரிகளுக்குள்

பதினான்காம் கேள்வி:
குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்க விரும்புவதன் காரணம்.
கீழே இரண்டே கோடு.
இரண்டாவது பாதியில் அச்சு மங்கிப்போயிருந்தது.

"ஆண்டவர் சொன்னார்னு மட்டும் எழுதாதீங்க மேடம்,
கமிட்டியில கேள்வி வரும்"
என்றாள் ஷைலஜா, பாதி கன்னடத்தில்,
மின்விசிறிக்குப் பறக்கும் காகிதத்தை
உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு.

ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை, ஷைலஜா.
இந்த நாற்பத்தேழு வயதுவரை
எதற்கும் அவர் என்னிடம் நேரில் பேசியதில்லை.

லிங்கராஜபுரம் சபையில்
இருபத்திரண்டு வருஷமாக
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிறவள் நான்.
நாணல் பெட்டியில் ஆற்றில் மிதந்த குழந்தை,
ஓரம் கிழிந்து செலோடேப் ஒட்டிய அட்டை.
எல்லாரும் பெட்டியைத்தான் பார்ப்பார்கள்.
நானும் அப்படித்தான்.
போன ஆகஸ்டில் ஒரு நாள்
குனிந்து அதை எடுக்கிற ராஜகுமாரியின் பட்டு
முழங்கால்வரை நனைந்திருப்பதைப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.
இதை எந்தக் கோட்டில் எழுத?

பொன்சிங் என் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.
லேத் பட்டறையில் அளவெடுத்துப் பழகியவர்.
ஒரே வரி:
வீட்டில் இடம் இருக்கிறது.

"எத்தனை சதுர அடி?" என்றாள் ஷைலஜா.

*

வந்தவன் பெயர் ஹனுமந்தா.
வயது ஏழு என்றது கோப்பு,
ஆறு என்றன பற்கள்.
யாதகிரிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்த குடும்பம்.
அம்மா ஈரவ்வா மனநல மருத்துவமனையில்.
அப்பா என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

"பேரை மாத்தலையா? ஞானஸ்நானம் எப்போ?"
ஆராதனை முடிந்த வாசலில் கெத்சியாள் அக்கா.
முதலில் குளிப்பாட்டிக்கொள்கிறேன் அக்கா,
தலை முழுக்கப் பேன்.
பேர் அவன் அம்மா வைத்தது.
எங்களிடம் கொடுத்த சாமான்களில்
அது ஒன்றுதான் கிழியாமல் இருந்தது.

தலையணைக்கடியில் ரஸ்க் சேர்த்தான்.
எறும்பு வந்தது.
டப்பா ஒன்று கொடுத்து, உன்னுடையது என்றேன்.
டப்பாவையும் தலையணைக்கடியில் வைத்தான்.

ராத்திரி தண்டவாளத்தில் குட்ஸ் வண்டி போனால்
ஜன்னல் கண்ணாடியோடு சேர்ந்து எழுந்து உட்காருவான்.
எங்க ஊருக்குப் போகுமா இது?
தெரியல கண்ணா என்பேன்.
அவன் பெட்டிகளை எண்ணுவான்,
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
பிறகு மறுபடி முப்பத்தொன்பது.

செருப்போடுதான் தூங்குவான்.
கழற்றினால் கத்தல்.
பொன்சிங் கட்டிலுக்குக் கால்மாட்டில்
பழைய துண்டு ஒன்றை விரித்துவைத்தார்.
அடிமை வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜனங்கள்
செருப்புப் போட்ட காலோடு அவசரமாய் அப்பம் தின்ற ராத்திரி,
அதற்கும் என்னிடம் ஓர் அட்டை உண்டு.
நன்றாகக் கதை சொல்வேன் என்று பெயர் வாங்கியவள்.
அந்த ராத்திரி எட்டு மாதம் நீளுமென்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

குடும்ப ஜெபத்தில் தினமும் சொல்கிறேன்:
ஈரவ்வா குணமாகட்டும்,
வந்து தன் பிள்ளையைக் கூட்டிப் போகட்டும்.
வாய் சரியாகச் சொல்லிவிடுகிறது.
ஆமென் மட்டும்
கொஞ்சம் தாமதமாக வருகிறது.
அவன்தான் முதலில் சொல்கிறான், சத்தமாக.

*

வியாழக்கிழமை மறுஆய்வுக் கூட்டம்.
அவளுக்குத் தேவலையாம்,
இப்போது பிள்ளையைப் பேர் சொல்லிக் கேட்கிறாளாம்.
ஷைலஜா போனில் சந்தோஷமாகச் சொன்னாள்.
சந்தோஷம் என்றேன்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்து
துடைக்கக் கொஞ்ச நேரமானது.

சாயங்காலம் புதுச் செருப்பு வாங்கினோம்.
ஒரு அளவு பெரிதாக,
வளருகிற பிள்ளை என்று.
எந்த வீட்டில் என்று கடைக்காரர் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி பார்க்கிறேன்,
இடது செருப்பு கட்டிலுக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது.
வலது இன்னும் காலில்.
நான் கழற்றவில்லை.
போர்வையை அதற்கும் சேர்த்து இழுத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.